அக்கி எழுதிய முகம்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஜெராக்ஸ், லேமினேஷன், முகூர்த்த நாட்களில் கல்யாணம். இந்தத் தொழிலில் படம் எடுப்பது கால் பங்கு வேலைதான். மீதி முக்கால் பங்கு எடுத்த முகத்தைத் துடைப்பது. கம்ப்யூட்டரில் முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பருவை எடுப்பேன், மருவை எடுப்பேன், கன்னத்தில் மங்கு, கழுத்தில் தேமல் என்று எல்லாவற்றையும் எடுப்பேன். யார் முகத்தில் எங்கே என்ன இருக்கிறது என்பது அவர்கள் வீட்டுக் கண்ணாடிக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். அதனால் தோல் விஷயத்தில் நான் அரை டாக்டர் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. அந்த நினைப்போடு போய் என் வலது கண்ணை எங்கே கொண்டு நிறுத்தினேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது எல்லாம் அடங்கிவிட்டது. நெற்றியில் லேசாகக் கறுத்த திட்டுகள் மட்டும் மிச்சம். ஆனால் அந்த ஆஸ்பத்திரி நாட்களை நினைத்தால் பயத்தைவிட ஏக்கம்தான் ஜாஸ்தியாக வருகிறது. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கல்யாண சீசன் முடிந்த சமயம் அது. ஒரு நாள் காலையில் தலை வாரும்போது வலது பக்க நெற்றியில் சுரீர் என்றது. சீப்பு பட்டால் வலி, ஹெல்மெட் பட்டால் வலி, மின்விசிறிக் காற்று பட்டால்கூட எரிச்சல். பார்த்தால் ஒன்றுமில்லை. ஓரிரு நாளில் அந்த இடம் சிவந்தது. அதற்கு முன்தான் தலைக்கு டை அடித்திருந்தேன். உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்: டை அலர்ஜி. எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறேன், முடி ஓரமாக, காதுக்குப் பின்னால், கழுத்தில் என்று சிவந்துபோய் வந்து நிற்பார்கள். வீட்டில் என் மனைவி மலர் எப்போதோ கால் அரிப்புக்கு வாங்கிய க்ரீம் பாதி மிச்சம் இருந்தது. அதை எடுத்துத் தடவிக்கொண்டேன்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் கவனிக்கவில்லை. டை தலை முழுக்க அடித்தது. சிவப்பு மட்டும் நெற்றியின் நடுவில் கோடு கிழித்த மாதிரி வலது பாதியோடு நின்றிருந்தது. அலர்ஜி என்றால் முதலில் அரிக்கும். எனக்கு அரிக்கவில்லை, எரிந்தது. அடுத்தவர் முகத்தில் கடுகளவு புள்ளியைக் கண்டுபிடிக்கிறவனுக்குத் தன் முகத்தில் பாதி சிவந்திருப்பது தெரியவில்லை.

அந்த வாரம் என் அக்கா வசந்தா வேர்க்கடலை மூட்டையோடு வந்தாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருக்கிறோம். அதற்குள் சிவப்பின் மேல் நீர்க் கொப்புளங்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பியிருந்தன. அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"டேய் சேகரு, இது அக்கிடா. இன்னா இவ்ளோ நாளு சும்மா வுட்டு வெச்சிருக்க?"

பெயரைச் சரியாகத்தான் சொன்னாள். போன இடம்தான் தப்பு. எங்கள் பக்கத்தில் அக்கி என்றால் எழுதுவார்கள். காவியைக் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றி வளைத்து, அதன் மேல் ஒரு சிங்கத்தை வரைவார்கள். சிங்கத்தைக் கண்டு அக்கி ஓடிவிடும் என்று நம்பிக்கை. அக்காவுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் அவள் ஊருக்குப் பக்கத்தில் எழுதுகிறார். அன்றைக்கே பஸ்ஸில் அழைத்துப்போனாள். அவர் என்னை உட்கார வைத்து, நெற்றியிலிருந்து இமை வரைக்கும் பொறுமையாகப் பூசினார். எரிந்த இடத்தில் அந்த ஈரம் அவ்வளவு சுகமாக இருந்தது. குளிக்காதே, காரம் சேர்க்காதே என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நாலு முகத்தைத் துடைக்கிறவன் முகத்தில் சிங்கம் உட்கார்ந்திருந்தது.

வலது கண் சிவந்து தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் எங்கள் வீட்டில் யாரும் பயப்படவில்லை. காவி உதிர்ந்து கண்ணில் விழுந்திருக்கும் என்றேன் நான். கசக்காதே என்றாள் அக்கா போனில். மூக்கு நுனியில் ஒற்றைக் கொப்புளம் வந்தது. அதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. காவி நெற்றியில் காய்ந்து ஓடாக நின்றதால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பென்ஷன் வேலைக்காகப் படம் எடுக்க வந்தார். முகத்தில் காவியோடு கடை திறக்க வேண்டாம் என்று மலர் சொல்லியும் கேளாமல் நான் உட்கார்ந்திருந்தேன். கேமராவைக் கண்ணில் வைத்தேன். அவர் முகம் பனிக்குள் இருப்பதுபோல் இருந்தது. லென்ஸைத் துடைத்தேன். மறுபடி பார்த்தேன், அதே பனி. வேறு லென்ஸ் மாட்டினேன். அதிலும் பனி. சரி, ஃபோகஸ் தானாகப் பிடிக்கட்டும் என்று பட்டனை அழுத்தியதும் ஃபிளாஷ் வெளிச்சம் வலது கண்ணில் ஊசியாக இறங்கியது. கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பிறகு, ஏன் என்று எனக்கே தெரியாமல், கேமராவை இடது கண்ணுக்கு மாற்றினேன். ஆசிரியரின் மூக்குக்கண்ணாடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது.

லென்ஸில் ஒரு குறையும் இல்லை. நான் கேமராவை மேசையில் வைத்ததை ஆசிரியர் பார்த்துவிட்டு, நான் அப்புறம் வருகிறேன் என்று எழுந்து போனார். முப்பது வருடமாகச் சோறு போட்ட கண் அது. மலர் வந்து பார்த்தாள், கடை ஷட்டரை இறக்கினாள், ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்கு வெளியே பெஞ்சுகள் நிரம்பி இருந்தன. அந்த நிலையிலும் என் பழக்கம் போகவில்லை. இடது கண்ணால் ஒவ்வொருவராக எடை போட்டேன். முதுகில் வெளிறிய திட்டுகளோடு ஒரு கல்லூரிப் பையன். தேமல். அவன் அம்மா அதைக் குஷ்டம் என்று பயந்து அழைத்து வந்திருந்தாள். இடுப்பில் வட்ட வட்டமாகப் படர்தாமரையோடு ஒரு பெண். மெடிக்கலில் கேட்டு வாங்கிய க்ரீமைப் பல மாதமாகத் தடவுகிறாளாம், தடவினால் அடங்குகிறதாம், விட்டால் முன்னைவிடப் பெரிதாகிறதாம். விரல் இடுக்கில் சொறிந்துகொண்டே ஒரு குடும்பம், அப்பா அம்மா பிள்ளைகள் எல்லோரும். இவர்கள் அத்தனை பேரும் தங்கள் தங்கள் அரிப்பை மறந்து என் முகத்துச் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் இளம் பெண். கதவு திறந்தே இருந்ததால் உள்ளே அவர் பேசியது எனக்குக் கேட்டது. தேமல் பையனின் திட்டைப் பஞ்சால் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றான். உணர்ச்சி இல்லாத திட்டுதான் உடனே காட்ட வேண்டியது, இது வெறும் பூஞ்சை, களிம்பில் போகும், நிறம் திரும்பக் கொஞ்ச நாளாகும் என்று அம்மாவை அனுப்பினார். படர்தாமரைப் பெண்ணிடம், அந்த க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கிறது, அது சிவப்பை அமுக்கும், பூஞ்சையை வளர்க்கும் என்றார். சொறிந்த குடும்பத்துக்கு, ஒருவர் மட்டும் தடவினால் போகாது, வீட்டில் அத்தனை பேரும் ஒரே நாளில் கழுத்துக்குக் கீழே முழுக்கத் தடவ வேண்டும், துணிமணியை வெந்நீரில் துவைக்க வேண்டும் என்றார். வீட்டில் பாதி ட்யூப் க்ரீமை வைத்திருந்த அரை டாக்டர் பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டான்.

என் முறை வந்ததும் முதலில் காவியைத் துடைக்கச் சொன்னார். நர்ஸ் ஈரப் பஞ்சால் ஊறவைத்து ஊறவைத்து எடுத்தார். சிங்கம் போனதும் டாக்டர் நெற்றியைப் பார்க்கவில்லை. நேராக என் மூக்கு நுனியைப் பார்த்தார். அப்போது அவர் முகம் மாறியது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

"சின்ன வயசுல உங்களுக்கு அம்மை போட்டுச்சா சார்?"

எட்டு வயதில் போட்டது என்றேன்.

"அது இன்னும் போகல. உள்ளயே தூங்கிட்டு இருந்துச்சு. இப்ப முழிச்சிருக்கு."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். சின்னம்மை வந்து கொப்புளமெல்லாம் உதிர்ந்த பிறகும் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் வேரில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வயதாகியோ, உடம்பு அசந்தோ இருக்கிற நேரம் பார்த்து ஏதாவது ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறது. அதனால்தான் ஒரு பக்கம் மட்டும், கோடு போட்ட மாதிரி. அதனால்தான் கொப்புளத்துக்கு முன்னால் வலி. மார்பிலோ இடுப்பிலோ வந்தால் வேதனையோடு போய்விடும். எனக்கு வந்த நரம்பு நெற்றிக்கும் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் பொதுவானது. மூக்கு நுனியில் கொப்புளம் என்றால் கண்ணுக்கும் ஆபத்து. கொப்புளம் வந்து மூன்று நாளைக்குள் மருந்து ஆரம்பித்தால் நல்லது. அந்த நாட்களில்தான் நான் டை அலர்ஜிக்கும் சிங்கத்துக்கும் போய்விட்டேன்.

காவி ஒன்றும் கெடுதல் செய்யவில்லை, நேரத்தைத்தான் தின்றுவிட்டது என்றார் டாக்டர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றே படுக்கை போட்டார்கள். யார் கூட இருப்பது என்ற பேச்சு வந்தது. மலருக்கு அம்மை வந்ததே இல்லை. கொப்புளம் காயும் வரை அவள் கிட்டே வராமல் இருப்பது நல்லது, தொட்டால் அவளுக்கு அம்மையாக வரலாம் என்றார் டாக்டர். அப்போதுதான் கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். உங்களுக்கு அம்மை வந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்க, அவள் இடது புருவத்தின் ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். அங்கே மிளகு அளவில் ஒரு பள்ளம். டாக்டர் சிரித்துவிட்டு, நீங்களே இருங்கள் என்றார்.

அந்தப் பள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தபோது, ஒரு கோடை விடுமுறையில் முதலில் எனக்குத்தான் அம்மை போட்டது. கதவில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பதை நிறுத்தி, என்னை உள்ளறையில் படுக்க வைத்தார்கள். அக்காவிடம், அவன் கிட்டே போகாதே என்றாள் அம்மா. அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும் அவள் வந்துவிடுவாள். நான் சொறியாமல் இருக்க என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வாள். கை வலித்தால் என் கை மேலேயே உட்கார்ந்துகொள்வாள். நுங்கைத் தோண்டி வாயில் போடுவாள், வேப்பிலைக் கொத்தால் முதுகை நீவுவாள். தெருவில் கேட்கிற சத்தத்தை வைத்து யார் போகிறார்கள் என்று பந்தயம் கட்டுவோம். எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியபோது அவளுக்குப் போட்டுவிட்டது. அவள் கையைப் பிடிக்க ஆளில்லை, நான் வெளியே விளையாடப் போய்விட்டேன். புருவத்து ஓரத்தில் ஒன்றைச் சொறிந்துவிட்டாள். அது பள்ளமாக நின்றது.

போன வருடம் அவளுடைய கல்யாண போட்டோ மங்கிவிட்டது என்று கொண்டுவந்தாள். ஸ்கேன் செய்து, நிறம் ஏற்றி, பெரிதாக்கி ஃப்ரேம் போட்டுக் கொடுத்தேன். பழக்க தோஷத்தில் பள்ளத்தையும் துடைத்துவிட்டேன். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, யார்ரா இந்த சினிமாக்காரி என்று கேட்டு எடுத்துப்போனாள்.

ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கண்ணுக்கு இரண்டு மூன்று விதச் சொட்டு. காலையில் கண் டாக்டர் வருவார். மஞ்சள் சாயக் காகிதத்தை இமைக்குள் ஒற்றி, நீல விளக்கு அடித்துப் பார்ப்பார். கருவிழி புண்ணாகி இருக்கும் இடம் பச்சையாக ஒளிருமாம். முதல் நாள் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்: வீக்கம் வடிந்துவிடும், ஆனால் கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டால் பார்வை அந்தத் தழும்பு வழியாகத்தான் தெரியும். விழுமா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார்.

அன்று நான் அழுதேன். அழுதால் அந்தக் கண்ணில் எரிச்சல் ஜாஸ்தி. எரிந்தால் இன்னும் அழுகை. அக்கா கட்டிலின் மறுபக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான்டா கெடுத்துட்டேன். நேரா இங்க இட்டாந்திருக்கணும்."

நீ அக்கி என்று சொன்னதால்தான் அது டை இல்லை என்றே எனக்குத் தெரிந்தது, சும்மா இரு என்றேன். அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகு சொட்டு மருந்து நேரத்தை நர்ஸுக்கு முன்னால் அவள் சொன்னாள். இமையைத் திறந்து, ஒரு சொட்டுகூடக் கன்னத்தில் வழியாமல் விடக் கற்றுக்கொண்டாள். வலி நரம்பைப் பிடித்து இழுக்கும்போது என் கை தானாக நெற்றிக்குப் போகும். அக்கா பிடித்துக்கொள்வாள். அவளுக்கு மூட்டு வலி, ரொம்ப நேரம் பிடிக்க முடியாது. ஒரு நாள் என் கையைத் தலையணைக்கு அடியில் தள்ளி அதன் மேல் தன் துணிப்பையை வைத்து, "இப்ப ஒக்காந்தா ஒன் கை ஒடஞ்சிரும், அதான் பைய வெச்சேன்" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் நெற்றி வலித்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு இளைஞன் இருந்தான். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வருகிற ஒரு கஃபேயில் சமையல் வேலை. முழங்கையிலும் முதுகிலும் வெள்ளிச் செதில் செதிலாக உதிரும் சோரியாசிஸ். ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி அவனைச் சமையலறைக்குள் விடாமல் நிறுத்திவிட்டார்களாம். அது தொற்றாது, உடம்பே தோலை அவசர அவசரமாகத் தயாரிக்கிற கோளாறு, கட்டுக்குள் வைக்கலாம் என்று டாக்டர் அவனுக்குச் சொன்னதை அக்கா காதில் வாங்கியிருக்கிறாள். அன்று மதியம் தன் டிபன் பாக்ஸிலிருந்து இட்லியை எடுத்து அவன் கையில் வைத்தாள். சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு உப்பு சரியா என்று சொல் என்றாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டான். கொஞ்சம் கம்மி என்றான்.

மலர் தினமும் கடையை மூடிவிட்டு வருவாள். ஜன்னலுக்கு வெளியே நின்று அன்றைக்கு எடுத்த முகங்களைப் போனில் காட்டுவாள். தலை சாய்ந்திருக்கிறது, காது தெரியவில்லை என்று நான் குறை சொல்வேன். அப்படின்னா சீக்கிரம் வந்து நீங்களே எடுங்க என்று போய்விடுவாள். அவள் போன பிறகு அக்காவும் நானும் பழைய சந்து வீட்டைப் பற்றிப் பேசுவோம். அவளுக்குக் கல்யாணமான பிறகு நாங்கள் ஒரே அறையில் இத்தனை நாள் இருந்ததில்லை. விசேஷத்துக்கு விசேஷம் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். வெளியே நடையில் செருப்புச் சத்தம் கேட்டால் அக்கா கண்ணை மூடிக்கொள்வாள். "நர்ஸு," என்பாள். "இல்ல, கண் டாக்டரு," என்பேன் நான். பெரும்பாலும் அவள்தான் ஜெயித்தாள்.

தனக்கும் இது வருமா என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். வரலாம், உங்கள் உள்ளேயும் அது தூங்குகிறது, ஐம்பது வயதுக்கு மேல் தடுப்பூசி உண்டு, போட்டுக்கொள்ளலாம் என்றார். ஒரு பக்கமாக எரிச்சல் கண்டால் வேறெங்கும் போகாமல் நேரே வாருங்கள் என்றும் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள். பரவாயில்லை, இவனோடுதானே எனக்கும் வந்தது என்றாள்.

நாளுக்கு நாள் நீல விளக்கில் பச்சை சிறுத்தது. ஆனால் பனி விலகவில்லை. காலையில் எழுந்ததும் இடது கண்ணைப் பொத்திப் பார்ப்பேன். அக்கா ஒரு சேலை நிறமாக இருப்பாள், மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிர் வட்டம்.

ஒரு காலை அவள் சொட்டு மருந்து விடக் குனிந்தாள். இமையை விரித்து, மூச்சைப் பிடித்து, எப்போதும்போலச் சரியாக ஒரு சொட்டு. நான் பழக்கத்தில் இடது கண்ணை மூடியிருந்தேன். மருந்து கண்ணுக்குள் பரவியதும் வெளிர் வட்டத்துக்குள் ஒரு புள்ளி தெரிந்தது. தூசி என்று நினைத்தேன். இமைத்தேன். அங்கேயே இருந்தது. புருவத்தின் ஓரத்தில், மிளகு அளவில்.

"அக்கா, அசையாத."

"இன்னாடா?"

"ஒன் பள்ளம் தெரியுது."

அவள் முகம் என் முகத்துக்கு மேலேயே நின்றது. கையில் இருந்த மருந்து பாட்டிலை மூடக்கூட மறந்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இத்தினி வருசம் பவுடரு போட்டு மறச்சேன்டா. இதுக்குத்தான் இருந்துச்சு போல."

முழுப் பார்வை திரும்ப இன்னும் சில வாரங்கள் ஆயின. தழும்பு விழவில்லை என்று கண் டாக்டர் சொன்ன அன்று அக்கா ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஏறும் முன், போட்டோவில் துடைத்ததைத் திரும்ப வைத்துக் கொடு என்று கேட்டாள். கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த இருபது வருடமாகத் துடைத்தே பழகியவனிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

கடைக்கு வந்ததும் முதலில் அந்த வேலையைத்தான் எடுத்தேன். பழைய மங்கிய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைத் திரையில் பெரிதாக்கினேன். எடுப்பது ஒரு நிமிட வேலை. வைப்பதற்கு அரை நாள் ஆயிற்று. பள்ளத்தின் ஒரு பக்கம் நிழல், மறுபக்கம் மினுமினுப்பு, நடுவில் தோலின் நிறம், எதுவும் கூடவோ குறையவோ கூடாது. மலர் இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டாள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கடைசியாக ஒரு தரம் சரிபார்த்துவிட்டு எழுந்தேன்.